லோடு கயிறு

"தண்ணியில ஒருத்தன் முழுவுறான். நீங்க கரையில நிக்கிறீங்க. என்னா செய்வீங்க?"

கேட்டது நான். பதில் சொன்னது மொத்த வகுப்பும்.

"குதிப்போம்!"

சொல்லும்போதே பையன்களுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பெண் பிள்ளைகளும் அதையேதான் சொன்னார்கள். மாதா கோவிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் சனிக்கிழமை காலையில் நடக்கும் வகுப்பு இது. ஆபத்தில் தப்பிக்கிற வகுப்பு என்று ஃபாதர் பெயர் வைத்தார். எங்கள் கோவில் பங்கின் பிள்ளைகள், பக்கத்துத் தெருப் பிள்ளைகள் என்று எல்லாரும் வருவார்கள். ஒன்பதாவதிலிருந்து பாலிடெக்னிக் வரை படிக்கிறவர்கள்.

முதல் வாரம் அவர்கள் கையில் இருந்த போனையெல்லாம் வாங்கி ஒரு கூடையில் போட்டுவிட்டு, "இப்ப ஜங்ஷன்ல தனியா நிக்கிறீங்க, போன் தொலஞ்சிபோச்சி. உங்க அம்மா நம்பரச் சொல்லுங்க" என்றேன். ஒரு பயலுக்கும் தெரியவில்லை. அம்மா என்று பதிந்து வைத்திருக்கிறார்கள், எண் எதற்கு? எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். வரட்டும். நான்கு வருஷமாக எனக்கு வேறு எதுவும் வருவதில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் கேஸ் கசிந்தால் லைட் சுவிட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறப்பது, புயலில் அறுந்து விழுந்த கரண்ட் கம்பிக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டால் இரண்டு பாதத்தையும் தரையிலிருந்து எடுக்காமல் தேய்த்துக்கொண்டே விலகுவது, திருவிழாக் கூட்டத்தில் நெருக்கினால் கையை மார்புக்குக் குறுக்கே வைத்து மூச்சுக்கு இடம் செய்துகொள்வது எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். தண்ணீருக்கு மட்டும் நான் வரவே இல்லை. தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். போன மாதம் ஆற்றோரத்து ஊர் ஒன்றில் தம்பி முழுகுகிறான் என்று அண்ணன் குதித்து, அண்ணனைப் பிடிக்க அவன் சினேகிதன் குதித்து, மூன்று பேரையும் வரிசையாகப் படுக்க வைத்ததை எல்லாரும் போனில் பார்த்தார்கள். அதற்கு மேல் தள்ளிப் போட முடியவில்லை.

"குதிக்கக் கூடாது" என்றேன்.

நிலவன் எழுந்தான். பாலிடெக்னிக்கில் முதல் வருஷம். நல்ல பையன்தான், ஆனால் கேள்வியை விழுங்கத் தெரியாது.

"பிரின்ஸ் அண்ணன் குதிச்சிதான் காப்பாத்துனாரு. வாசல்லயே பேனர் போட்டிருக்குதுல்ல?"

எல்லாரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். போன வருஷத்து பிளெக்ஸ் வெயிலில் வெளுத்துப்போய் இன்னும் அங்கேதான் தொங்குகிறது. வெள்ளைச் சட்டையில் பிரின்ஸ் சிரிக்கிறார். அது எங்கள் கல்யாணப் போட்டோவில் என்னை வெட்டிவிட்டு எடுத்தது. தோளில் என் விரல் நுனி மட்டும் இருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும். கீழே 'தன்னுயிர் தந்து இன்னுயிர் காத்த தியாகச் சுடர்' என்று பெரிய எழுத்து. அந்த இன்னுயிர் இளமதி. இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கால் பெருவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள்.

பிரின்ஸ் என் புருஷன். டாட்டா ஏஸ் ஓட்டினார். செராமிக் யூனிட்டுகளிலிருந்து பொம்மைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, சேத்தியாத்தோப்பு, சிதம்பரம் என்று கொண்டுபோய்ப் போடுவார். நானும் ஒரு யூனிட்டில்தான் வேலை செய்கிறேன். கூழாகக் கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்து, பொம்மையின் இரண்டு பக்கமும் சேருகிற இடத்துத் தையலைக் கத்தியால் சீவி எடுப்பது என் வேலை.

அன்றைக்கு அவர் லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு வந்துகொண்டிருந்தார். ஊருக்கு வெளியே களி வெட்டி எடுத்த பழைய பள்ளம் ஒன்று இருக்கிறது. மழை பெய்தால் குளம் மாதிரி நிறைந்துவிடும். இளமதி அப்போது சின்னப் பெண். ஆட்டுக்குட்டியைத் தேடிப் போனவள் கரை சரிந்து உள்ளே விழுந்துவிட்டாள். பிரின்ஸ் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிப்போய்க் குதித்தார். அவளைத் தூக்கிக் கரைமேல் எறிந்தார். அவள் புல்லைப் பிடித்துக்கொண்டாள். அவர் மேலே வரவில்லை.

ஊர் இதுவரைதான் சொல்லும். மீதியை நான் நிலவனுக்குச் சொன்னேன்.

"நீ நீச்சல் எங்கடா கத்துக்கிட்ட?"

"கெணத்துல."

"எப்புடிக் குதிப்ப?"

"நெட்டுக்குத்தா. காலு கீழ போவும். தரையில ஒரு ஒத ஒதச்சா மேல வந்துருவோம்."

"ஆங். கெணத்துல கீழ பாறை இருக்குது. ஒதச்சா மேல வருவ. களிப் பள்ளத்துல கீழ என்னா இருக்குது?"

அவன் யோசித்தான். மற்றவர்களும் யோசித்தார்கள். பாதிப்பேர் வீட்டில் யாராவது களி வேலை செய்கிறவர்கள்தான். கூழ்க்களிக்குள் கையை விட்டு எடுத்தால் அது எப்படி உள்ளே இழுக்கும் என்று அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"பூந்துக்கும்" என்றாள் ஒரு பெண்.

"முட்டி வரைக்கும் பூந்துக்கும். ஒதைக்க ஒதைக்க இன்னும் உள்ள போவும். நம்மூர்ல நல்லா நீந்தத் தெரிஞ்சவங்கதான் அதுல சாவுறாங்க. தெரியாதவன் குதிக்கவே மாட்டான்."

நெஞ்சளவு தண்ணீர் என்று நினைத்துத்தான் குதித்திருப்பார். பெண்ணைத் தூக்கி எறிந்த வேகத்தில் இன்னும் கீழே போயிருப்பார். தீயணைப்புக்காரர்கள் எடுத்தபோது முட்டிக்கு மேலே வரை வெள்ளைக்களி பூசியிருந்தது. காலுறை போட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை. நல்ல களி, கல்லே இல்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அடக்கம் முடிந்து மறுவாரமே யூனிட்டுக்குப் போய்க் களிக்குள் கையை வைத்தேன். அப்போதும் ஒன்றும் வரவில்லை. மரத்துப்போன கையை நாமே கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி அடிக்கடி கிள்ளிப் பார்த்துக்கொள்வேன். சும்மாதான் இருக்கும்.

தீயணைப்பு நிலையத்தில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், போய் வா, மனசுக்கு மாறுதலாக இருக்கும் என்று ஃபாதர்தான் அனுப்பினார். போனேன். கத்து, கம்பை நீட்டு, கயிற்றை வீசு, இறங்குவது கடைசி என்று முதல் நாளே சொன்னார்கள். என் புருஷன் எப்படிச் செத்தார் என்பது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. வண்டியில் லோடு கட்டுகிற கயிறு இருந்தது. ரேடியேட்டருக்கு ஊற்றுகிற தண்ணீர்க் கேன் இருந்தது. கேனைக் காலி செய்து கயிற்று நுனியில் கட்டி வீசியிருந்தால் போதும்.

"அதனால பிரின்ஸ் அண்ணன் குதிச்சது தப்பு" என்றேன்.

அப்போதுதான் எனக்குப் பின்னால் சாவிக்கொத்து குலுங்கியது. என் மாமனார் அமிர்தசாமி நின்றுகொண்டிருந்தார். கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராக நெடுநாள் இருந்தவர். இப்போதும் சனிக்கிழமை வந்து ஹாலைத் திறந்துவிட்டு, வகுப்பு முடியும்வரை கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு நாற்காலி காலியாக இருந்ததால் ஹாலுக்குள் இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் நானும் அவரும்தான். மகன் தியாகி என்கிற ஒன்றை வைத்துத்தான் அந்த மனிதர் காலையில் எழுந்து சோறு தின்றுகொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் நான்கு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இளமதி கையைத் தூக்கினாள். வகுப்பில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"அக்கா, அப்ப என்னைய வுட்டுருக்கணுமா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளையை இந்த ஊர் நான்கு வருஷமாக இப்படித்தான் பார்க்கிறது. ஒவ்வொரு நினைவு நாளுக்கும் அவள் அம்மா அவளை அழைத்துவந்து பேனருக்குக் கீழே மெழுகுவர்த்தி ஏற்ற வைப்பார். அவர்கள் இந்துக்கள், ஆனாலும் தவறாமல் வருவார்கள். அவள் பாஸானால் "பிரின்ஸ் குடுத்த உசுரு" என்பார்கள். ஃபெயிலானாலும் அதையேதான் சொல்வார்கள்.

"கயிறு போட்டிருந்தா நீயும் மேல வந்துருப்ப, அவரும் வந்துருப்பாரு" என்றேன். "உன்ன வுடுன்னு யாரும் சொல்லல. ரெண்டு பேரு வந்துருக்கலாம்னு சொல்றேன்."

அவள் தலையாட்டினாள். புரிந்ததா என்று தெரியவில்லை. மேசைமேல் இருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சுப் போட்டுப் பழகுவதற்காக நான் வாராவாரம் கொண்டுவருகிற பச்சை நைலான் கயிறு அது. வண்டியை விற்றபோது நான் எடுத்து வைத்துக்கொண்டது.

வீட்டில் மாமா பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு வைத்தால் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார். நினைவு நாள் வந்துகொண்டிருந்தது. வழக்கமாக இந்நேரத்துக்கு அவரே பிளெக்ஸ் கடைக்குப் போய் வாசகம் சொல்லிவிட்டு வந்திருப்பார். இந்த வருஷம் போகவில்லை. ஃபாதர் என்னைக் கூப்பிட்டு, "உண்மையா இருந்தாலும், ஒரு அப்பாவுக்கு முன்னாடி அதச் சொல்லணுமாம்மா?" என்று கேட்டார்.

"அவுரு இருக்கறது தெரியாது ஃபாதர்."

"தெரிஞ்சிருந்தா?"

"அப்பவும் சொல்லியிருப்பேன். புள்ளைங்க குதிப்போம்ங்குது."

அடுத்த வாரம் வேண்டுமானால் தண்ணீரை விட்டுவிட்டு வேறு ஏதாவது எடு என்றார் ஃபாதர். எனக்கு வருத்தமாகக்கூட இல்லை. மாமாவுக்கு இருந்த ஒரே ஒன்றையும் பிடுங்கிவிட்டேன், அதற்கும் ஒன்றும் வரவில்லை, நான் என்ன ஜென்மம் என்று மட்டும் யோசித்தேன்.

வியாழக்கிழமை காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாமா கதவோரம் நின்றார்.

"நீ வகுப்புக்கு எடுத்துட்டுப் போற கயிறு, வண்டியில இருந்த அந்தக் கயிறுதானா?"

"ஆமா மாமா."

"எட்டியிருக்குமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர் மீதிக் காலத்தைத் தள்ளியிருப்பார்.

"எட்டியிருக்கும்."

"நீ பாத்தியா?"

"அளந்து பாக்கல. ஆனா எட்டும்."

"வா, பாப்பம்" என்றார்.

யூனிட்டுக்குப் போன் போட்டு லீவு சொன்னேன். கயிற்றையும் ஒரு எண்ணெய்க் கேனையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். பள்ளத்தில் தண்ணீர் பாதிதான் இருந்தது. ஒரு பட்டுப்போன கருவேலம் உள்ளே நின்றது. அதற்குப் பக்கத்தில்தான் எடுத்தார்கள். ரெண்டு பேருக்கும் தெரியும், அதனால் யாரும் கை நீட்டிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. கருவேலம் கரை சரிந்த பக்கத்தை ஒட்டியே நின்றது, அங்கே நின்று வீசினால் மறுபடி சரியும். மெயின் ரோட்டிலிருந்து இறங்கும் பக்கம், வண்டி நின்ற இடத்துக்கு நேராகப் போய் நின்றோம்.

நான் கேனைக் கட்டினேன். மாமா கையை நீட்டினார். கொடுத்தேன்.

அவர் கயிற்றை மொத்தமாகத் தரையில் குவித்துப்போட்டு, கேனைத் தலைக்கு மேலே தூக்கி எறிந்தார். கயிறு சிக்கிக்கொண்டது. கேன் கரையை ஒட்டியே பொத்தென்று விழுந்தது. மறுபடியும் இழுத்து எறிந்தார். அப்போதும் கருவேலத்துக்குப் பாதி தூரம் போகவில்லை.

"பாத்தியா" என்றார். "எட்டல."

அவர் முகத்தைப் பார்த்தேன். ஐந்து நாளாக இறுகியிருந்த தாடை தளர்ந்திருந்தது. மூச்சை முழுசாக விட்டார். கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, போகலாம் என்பதுபோல் ரோட்டுப் பக்கம் திரும்பினார்.

நானும் போயிருக்கலாம். அப்படியே ஆட்டோவில் ஏறி, வழியில் பிளெக்ஸ் கடையில் இறங்கி, போன வருஷத்து வாசகத்தையே போடச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சோறாக்கியிருக்கலாம். சனிக்கிழமை நிலவன் அந்தப் பேனரைப் பார்த்துக்கொண்டே உள்ளே வருவான். அடுத்த மழையில் எந்தப் பள்ளத்திலாவது எவனாவது முழுகுவான்.

கயிற்றை எடுத்தேன். கேனில் கொஞ்சம் தண்ணீர் மொண்டு மூடினேன், கனம் இருந்தால்தான் போகும். ஒரு கையில் வளையம் வளையமாகச் சுருட்டி, மறுநுனியைக் காலால் மிதித்துக்கொண்டு, கையைக் கீழிருந்து வீசி விட்டேன். தீயணைப்பு நிலையத்து மைதானத்தில் நூறு தடவை வீசியிருப்பேன். கேன் கருவேலத்தைத் தாண்டி விழுந்தது. கயிறு மரத்தின் மேலேயே படிந்தது. கையில் இன்னும் ரெண்டு வளையம் மிச்சம் இருந்தது.

மாமா பார்த்துவிட்டார். கேன் விழுந்த சத்தத்துக்கே திரும்பியிருக்க வேண்டும்.

"இன்னொரு தடவ போடு" என்றார்.

இழுத்துச் சுருட்டி மறுபடி வீசினேன். மறுபடியும் தாண்டி விழுந்தது.

அவர் கரையில் உட்கார்ந்தார். வேட்டி சேறானதைக் கவனிக்கவில்லை. அழுதார். தோள் குலுங்க, சத்தமில்லாமல், ரொம்ப நேரம். அடக்கத்தன்று இப்படி அழவில்லை, அன்றைக்கு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று ஈரக் கயிற்றைப் பிழிந்துகொண்டிருந்தேன். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னார்: "சனிக்கிழம வகுப்புல நான் பேசுறேன்."

"நீங்க எதுக்கு மாமா? ஃபாதர் வேற எதாச்சும் எடுக்கச் சொல்லியிருக்காரு."

"அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ சொன்னா, புருஷன் தன்ன வுட்டுட்டுப் போயிட்டான்ங்கற கோவத்துல பொண்டாட்டி பேசுறான்னு நெனைப்பானுங்க. அப்பன் சொன்னாத்தான் ஏறும்."

சனிக்கிழமை அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கடைசி நாற்காலியில் உட்காராமல் நேராக வேப்பமரத்துக்கு முன்னால் வந்து நின்றார். ஜெபத்துக்கு நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொன்னார்.

"எம்மவன் பிரின்ஸு நல்லவன்" என்றார். "நல்லா நீந்துவான். கெணத்துல நான்தான் எறக்கி வுட்டேன். நெட்டுக்குத்தாக் குதிடான்னு நான்தான் சொன்னேன்."

குரல் உடையவில்லை. உபதேசியார் குரல். கடைசி வரிசைவரை கேட்டது.

"அன்னைக்கு வண்டியில கயிறு இருந்துது. இந்தா, இதுதான் அந்தக் கயிறு. நானே போயி வீசிப் பாக்க வச்சேன். எட்டுது. அவன் அத எடுக்கல, ஓடிப்போய்க் குதிச்சிட்டான். தப்பு. எம்மவன் செஞ்சது தப்பு. கேட்டுக்குங்க. அவன் முட்டாத்தனம் பண்ணிட்டான். நீங்க யாரும் அவன மாதிரி பண்ணாதீங்க."

நான் முந்தைய வாரம் சொன்னதைத்தான் அவர் சொன்னார். நான்கு வருஷமாக மனசுக்குள் நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தைதான். ஆனால் முட்டாத்தனம் என்று அவர் வாயிலிருந்து வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சுரீர் என்றது. அப்படிச் சொல்லாதீங்க என்று கத்த வாயெடுத்துவிட்டேன். அவருக்கு யோசிக்க நேரமில்லை மாமா. ஒரு பிள்ளை முழுகுறதைப் பார்த்துவிட்டு அவர் வண்டிக்குத் திரும்பிப் போகிற ஆளில்லை. அப்படிப்பட்ட ஆளாக இருந்திருந்தால் நான் கட்டியிருக்கவே மாட்டேன். என் புருஷனை எல்லார் முன்னாலும் முட்டாள் என்று சொல்ல நீங்கள் யார்?

ஒரு வார்த்தையும் வெளியே விடவில்லை. விட்டால் பிள்ளைகள் மறுபடியும் குதிப்பார்கள்.

"ரீட்டா, கயிறு எப்புடிப் போடறதுன்னு காட்டும்மா" என்றார் மாமா.

கயிற்றை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தேன். கண் மறைத்தது. வளையம் சரியாக வரவில்லை, நுனி நழுவிக் கீழே விழுந்தது. இளமதி எழுந்து வந்து அதை எடுத்து என்னிடம் கொடுக்காமல் தன் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டாள்.

"நீங்க சுத்துங்கக்கா, நான் புடிச்சிருக்கேன்" என்றாள்.

நான் அழுதுகொண்டே சுற்றினேன்.